சாதாரணத் தபால்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மாவின் இடது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் மற்ற எல்லாம் நலம், நீயும் தலை முதல் கால் வரை குறை ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமைதானே அரை மணி நேரம் போனில் பேசினோம், மறுநாளே இந்த மனுஷனுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று நீ நினைப்பாய். ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான், ஆசைப்பட்டுப் படித்தேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்வது வேறு விஷயம். கடைசியாகப் பேனா பிடித்து முழுசாக எழுதியது இரண்டு வருஷத்துக்கு முன்னால், அது யாருக்கு என்பது போகப் போகத் தெரியும். நீ அனுப்பின கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், உங்கள் ஆலையில் தேய்த்து நீயே பவர் சரிபார்த்த கண்ணாடி, அதனால் வரி கோணிப் போனால் குற்றம் கண்ணாடி மேல் இல்லை, கை மேல்தான். போனில் நான் சரியாகப் பேசவில்லை, எதைக் கேட்டாலும் ம் ம் என்றேன் என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். கோபம் இல்லை அம்மாடி. வாயைத் திறந்தால் இந்த விஷயம் கொட்டிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீ வேறு நடுவில், சூப்பர்வைசர் அண்ணன் லீவுல இருந்தாலும் ஒரு வாரமா தினமும் போன் பண்றார்ப்பா, சாப்டியா, தூங்குனியா, ஆபீஸ்ல எல்லாம் நல்லபடியாப் போகுதான்னு கேக்கறார், அவருக்கு இவ்ளோ அக்கறை இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதுப்பா என்றாய். அந்த இடத்தில் நான் நீளமாக இருமினேன் அல்லவா, அது இருமல் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். விசா ஆபீசுக்கு எதிரில் இருக்கும் என் கடை இப்போது முன்னைப்போல் இல்லை. நாற்பது பொந்து உள்ள மர அலமாரி ஒன்று போட்டிருக்கிறேன், செருப்புக்கடை காலி செய்தபோது வாங்கியது, மழை பெய்தால் இன்னும் லேசாகத் தோல் வாசனை வரும். உள்ளே போனும் பையும் கொண்டுபோகக் கூடாது என்பதால் வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். டோக்கனுக்குக் கோட்டுப் பொத்தான், முப்பது வருஷம் துணி ஆலை வாசலில் காவலுக்கு நின்றதற்கு நான் கொண்டுவந்த சொத்து அந்த ஒரு டப்பா பொத்தான்தான், ஒவ்வொன்றிலும் ஆணியால் நம்பர் கீறியிருக்கிறேன். வாழ்க்கை பூரா அடுத்தவர் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது, அதைக் கொஞ்சம் நிழலில் எழுதியிருக்கலாம். இந்தக் கடை பிறந்ததே உன் கஷ்டத்தில்தான் என்பதை நான் மறக்கவில்லை. அம்மாவின் வலது முழங்கால் ஆபரேஷனுக்கு மூன்று வார லீவில் வந்தாய். அங்கே வேலை பார்க்க அனுமதி இருந்தது, ஆனால் பாஸ்போர்ட்டில் குத்தியிருந்த விசா முடிந்துபோயிருந்தது, இங்கே புதுசு குத்தினால்தான் திரும்ப உள்ளே விடுவார்கள் என்று அந்த வாசலுக்குப் போனோம். கம்பெனிக்குப் போன் பண்ணி விசாரித்த பிறகுதான் முடிவு என்று உன் கையில் ஒரு மஞ்சள் சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். விசாரித்தார்கள். அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவில்லை என்று கம்பெனியிலிருந்தே பதில் வந்தது. மூன்று வாரம் ஐந்து மாதம் ஆயிற்று. நீ உள்ளே போகும்போதெல்லாம் உன் பையையும் போனையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எதிரில் நின்றேன், என் முகத்தைப் பார்த்தால் திருடத் தெரியாத முகம் போலிருக்கிறது, பக்கத்தில் நின்றவர்களும் பெரியவரே இதையும் கொஞ்சம் புடிங்க என்றார்கள். அப்படித்தான் கடைக்காரன் ஆனேன்.

அந்த ஐந்து மாதத்தில் உனக்குத் தெரியாமல் நான் ஒரு காரியம் செய்தேன். உன் பழைய கடிதாசுகளிலிருந்து கம்பெனி நம்பரை எடுத்து நானே ஒரு நாள் போன் போட்டேன். நான் நடுங்கின நடுக்கத்தில் என் பெயரைச் சொல்ல மறந்துபோய் உன் பெயரை மட்டும் சொன்னேன். எடுத்த ஆள் நம் பாஷையிலேயே பேசினார். அப்படி யாரும் இங்க இல்லங்க, எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க, பாக்கலாம் என்றார். கொடுத்தேன். மூன்று கடிதம் கொடுத்தேன், ஒவ்வொன்றையும் நான்கு தரம் அடித்துத் திருத்தி எழுதினேன், பதில் வரவில்லை. யாரோ புது ஆள் தெரியாம சொல்லிருப்பாங்கப்பா, ரிசப்ஷன்ல ஆளு மாறிட்டே இருப்பாங்க என்று நீ சொன்னதை நானும் நம்பினேன். பிறகு உங்கள் சூப்பர்வைசர் பெரிய மனசு பண்ணிப் புதுசாகக் காகிதம் அனுப்பி உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார் என்று வீட்டில் ஒரே சந்தோஷம். நன்றிக்கு எதாவது அனுப்பவேண்டும் என்று நானே கடை கடையாக ஏறி ஒரு சட்டைத் துணி எடுத்தேன், சாம்பல் நிறத்தில் மெல்லிசாகச் சிவப்புக் கோடு போட்டது, ஞாபகம் இருக்கிறதா, உன் பெட்டியில் மேலாக வைத்தேன், கசங்காமல் கொடு என்று மூன்று தரம் சொன்னேன். என்னைப்போல் ஒரு புத்திசாலியை நீ பார்க்க மாட்டாய்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அந்தச் சட்டை என் கடைக்கு வந்தது. முதலில் சட்டையைத்தான் பார்த்தேன், நல்ல துணியாக இருக்கிறதே, எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சட்டைக்குள் இருந்த ஆள் தோல் பையையும் போனையும் நீட்டினார், நான் பதினேழாம் நம்பர் பொத்தானைக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன பெரியவரே, சட்டைப் பொத்தானைக் கொடுத்து ஏமாத்துறீங்களா, பொருள் போனா யாரு பொறுப்பு, எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க, பாக்கலாம் என்றார். முகம் மறக்கும், பெயர் மறக்கும், நான் கண்ணாடி வைத்த இடத்தையே மறக்கிறவன், ஆனால் அந்தக் குரலை மறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக்குப் போட்ட போனில் கேட்ட அதே குரல், அதே இழுப்பு. பொருள் பத்திரமா இருக்கும் சார், போய்ட்டு வாங்க என்றேன். பொத்தானைப் பாஸ்போர்ட் வைத்திருந்த பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அந்தக் கவரை அப்படியே கவுண்டரில் வாங்கிக்கொள்வார்கள், பொத்தானைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும் என்று நான் எல்லாருக்கும் சொல்வது வழக்கம். அவருக்குச் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் அந்தப் பை என் பதினேழாம் பொந்தில் இருந்தது. மனசுக்குள் எவ்வளவோ செய்தேன். போனை டீக்கடை வாளியில் போட்டேன், பையைக் குப்பை வண்டியில் ஏற்றினேன், உள்ளே போய் ஆபீசரிடம் இந்த ஆளை எனக்குத் தெரியாது என்று சாட்சி சொன்னேன், என்னை யார் கேட்டார்கள் என்பது வேறு. நிஜத்தில் செய்தது, போன் மணி அடித்தபோது அதைக் குப்புறத் திருப்பி வைத்தது மட்டும்தான். அவ்வளவுதான் உன் அப்பனின் வீரம். பிறகு அந்த ஆள் வெளியே வந்தார், முகம் பிழிந்து போட்ட துணி போல் இருந்தது, கையில் மஞ்சள் சீட்டு. பையை எடுங்க பெரியவரே என்றார். பொத்தான் சார் என்றேன். சட்டையைத் தடவினார், பேண்டைத் தடவினார், ஐயையோ அது உள்ள கவரோட போயிருச்சே என்றார். நான் போர்டைக் காட்டினேன், டோக்கன் இல்லாமல் பொருள் கிடையாது என்று நானே எழுதின போர்டு. காலைல நீங்கதானே என் கையில குடுத்தீங்க, என்னைத் தெரியாதா உங்களுக்கு என்று கத்தினார். அப்படி யாரையும் எனக்குத் தெரியாது சார், எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க, பாக்கலாம் என்றேன். அம்மாடி, இந்த ஒரு வரியைச் சொல்வதற்காகத்தான் நான் அறுபத்து மூன்று வருஷம் உயிரோடு இருந்தேன் போலிருக்கிறது, அவ்வளவு இனிப்பாக இருந்தது.

ஒரு கால் ஆடும் ஸ்டூலை இழுத்துப் போட்டேன், தாளும் பேனாவும் கொடுத்தேன். எழுதினார். என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு மெதுவாகப் படித்ததில்லை, அம்மா எழுதிக் கொடுக்கும் மளிகைச் சீட்டைக்கூட. தேதி இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன். தேதி போட்டு வந்தது, பையில் இருக்கும் பொருள் விவரம் இல்லை என்றேன். சீப்பு ஒன்று, மாத்திரை ஒரு அட்டை, குடை ஒன்று என்று எழுதினார், குடையின் நிறம் கேட்டேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப்பார்த்து, என்ன அண்ணே புதுசா ஆபீஸ் தொறந்திருக்கீங்களா என்றார், ஆமாம் இன்னிக்குத்தான் திறப்பு விழா என்றேன். மூன்றாவது தடவை, இதெல்லாம் சரி சார், நீங்க நீங்கதான்னு யாரு சொல்றது, உங்க வேலை செய்யற எடத்துல ஒருத்தர் பேரு, நம்பரு எழுதுங்க என்றேன். யோசிக்கவே இல்லை, எழுதினார். உன் பெயர் அம்மாடி. உன் பெயரையும், இப்போது நீ உட்கார்ந்திருக்கும் அவருடைய மேசையின் போன் நம்பரையும் முத்து முத்தாக எழுதினார்.

இது யாரு சார் என்றேன். எனக்குக் கீழ வேலை பாக்கற பொண்ணு, நான் லீவுல இருக்கறதால என் சீட்டுல அவதான் உக்காந்திருக்கா, உள்ளயும் அவ நம்பரைத்தான் குடுத்திருக்கேன், பத்து நாளுக்குள்ள கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேப்பாங்களாம் என்றார். நல்ல பொண்ணா என்றேன். தங்கம், அதான் பயமா இருக்கு என்றார். பயந்த மனுஷன் முன்பின் தெரியாதவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான், என் கடை ஸ்டூலில் தினமும் நாலு பேர் அப்படிக் கொட்டுகிறார்கள். இவரும் கொட்டினார். ரெண்டு வருசம் முன்னாடி இதே மாதிரி அந்தப் பொண்ணு இங்க வந்து மாட்டுச்சு பெரியவரே, இவங்க போன் பண்ணப்ப நான்தான் எடுத்தேன், என் மச்சினனுக்கு அங்க ஒரு எடம் வேண்டியிருந்துச்சு, ஒரே ஒரு வார்த்தைதான், அப்படி யாரும் இல்லைன்னுட்டேன், அவன் உருப்படாம அஞ்சே மாசத்துல ஓடிட்டான், அப்புறம் நானே அவளைத் திரும்பக் கூப்ட்டுக்கிட்டேன், அவளுக்கு இன்னிவரைக்கும் தெரியாது, அண்ணே அண்ணேன்னு கூப்புடுது, ஒருவேளை தெரிஞ்சிருந்தா என்றார். அத்தோடு நிறுத்திக்கொண்டார். உன் நாற்காலியில் ஒருத்தன் வந்து உட்கார்ந்து, கண்ணாடியில் பவரைத் தப்பும் தவறுமாகக் குறித்துவிட்டு ஓடினான் என்று நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாயே, அவன்தான் இந்த மச்சினன்.

நான் எழுந்து பதினேழாம் பொந்திலிருந்து பையையும் போனையும் எடுத்து அவர் மடியில் வைத்தேன். சட்டை நல்லாருக்கு சார், தையல் எல்லாம் சரியா வந்திருக்கா என்றேன். அவருக்குப் புரியவில்லை. அந்தத் துணி நான் எடுத்தது, கசங்காமக் குடுன்னு என் பொண்ணுகிட்ட சொல்லி அனுப்பினேன், கசங்காமத்தான் குடுத்தாளா என்றேன். அந்த மனுஷன் சட்டையைக் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த தாளில் உன் பெயரைப் பார்த்தார். ஸ்டூலின் ஆடும் கால் படபட என்று அடித்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐயா இப்பவே போன் போட்டுத் தரேன், உங்க முன்னாடியே அவகிட்ட மன்னிப்புக் கேக்கறேன், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா, இந்த விசா போச்சுன்னா அங்க என் பொண்டாட்டி புள்ளங்க தனியா நிக்கும் என்றார். காலையில் பெரியவர், இப்போது ஐயா. நான் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு சொன்னேன், போன்ல பேசினதெல்லாம் நிக்காது சார், உங்களுக்கே தெரியும், நான் அவளுக்கு எழுத்துல குடுக்கறேன், பாக்கலாம்.

அன்று முதல் தினமும் காலையில் கடை திறக்கும்போது வந்து நிற்கிறார். கடிதம் போட்டாச்சாய்யா என்றார் முதல் நாள், போட்டாச்சு என்றேன். போய்ச் சேந்திருக்குமா என்றார் மறுநாள், சேரலாம், சேராமலும் இருக்கலாம் என்றேன். உன்னிடம் ஏன் தினமும் சாப்டியா தூங்குனியா என்று விசாரிக்கிறார் என்று இப்போது தெரிந்ததா, உன் குரல் மாறிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிறார். அவளுக்குத் தெரியாதுன்னா நானே வாயக் குடுத்து மாட்டிக்கக் கூடாது, தெரிஞ்சிருந்தா சொல்லாம இருக்கவும் கூடாது, எனக்குத் தூக்கமே இல்லைங்கய்யா என்று என்னிடமே வந்து அழுகிறார். நான் டீ வாங்கிக் கொடுக்கிறேன். சர்க்கரை போடாமல். நீ அண்ணன் என்று கூப்பிடுவதால் நான் இன்னும் அவர் இவர் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், உன் அம்மா அப்படியெல்லாம் இல்லை, செவ்வாய்க்கிழமையிலிருந்து அவன் இவன்தான். விஷயத்தைக் கேட்டதும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இப்பவே அவளுக்குப் போன் போடுங்க, ஆபீசர் கேட்டா அப்படி யாரும் இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க, அஞ்சு மாசம் எம்பொண்ணு சாப்டாம சுவத்தப் பாத்துட்டுக் கெடந்தா, அவன் அஞ்சு வருசம் கெடக்கட்டும் என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அதையேதான் நினைத்தேன். நீ அந்த ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது எனக்கும் மறக்கவில்லை. போனைக் கையில் எடுத்தும்விட்டேன்.

பிறகு வைத்துவிட்டேன். உன் அப்பன் நல்லவன் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதே, நான் அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு வருஷமாக அந்த வாசலில் மஞ்சள் சீட்டு வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன், பத்து நாள் என்றால் பத்து நாளுக்குள் கம்பெனிக்குப் போன் பண்ணிவிடுவார்கள். இன்றோடு ஏழு நாள் ஆகிறது. போட்டாச்சு என்று அவரிடம் சொன்ன கடிதத்தை நான் எழுதுவதே இன்றைக்குத்தான், இதைச் சாதாரணத் தபாலில் போடப்போகிறேன், உன் கைக்கு வர இருபது நாளாவது ஆகும். உன் அம்மாவிடம் விரைவுத் தபால் என்று சொல்லியிருக்கிறேன், காட்டிக்கொடுத்துவிடாதே. ஆக, நீ இதைப் படிக்கும்போது அந்தப் போன் வந்து போயிருக்கும். ஒன்றும் தெரியாத நீ எடுத்திருப்பாய், ஆமாங்க எங்க சூப்பர்வைசர்தான், லீவுல போயிருக்கார், எனக்கு நல்லாத் தெரியும் என்று இருப்பதைச் சொல்லியிருப்பாய். அந்தப் பொய் அவர் வாயிலேயே இருக்கட்டும் அம்மாடி, நம் வீட்டு வாய்க்கு அது வேண்டாம். தெரிந்து நீ அதைச் சொல்லியிருந்தால் அப்புறம் உன் மேசைப் போன் அடிக்கும்போதெல்லாம் உனக்குத் திக்கென்று இருக்கும், அது அந்த ஆளுக்கு இருக்கவேண்டிய திக். அதைத்தான் அவருக்கு நான் முழுசாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், விசா கையில் வந்து விமானம் ஏறி உன் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் கொடுப்பேன். உனக்குத் தெரிந்துதான் நல்லபடியாகச் சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா என்று அவர் சாகிற வரைக்கும் யோசிக்கட்டும், நீயும் சொல்லாதே. ஒருவேளை என் கணக்குத் தப்பி, கடிதம் முந்திவிட்டால், அப்போது உன் இஷ்டம். நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன்.

உன் விசாவும் இன்னும் எட்டு மாதத்தில் முடிகிறது. அம்மாவின் இடது முழங்காலுக்கு வருகிறேன் என்று அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதே, முழங்கால் காத்திருக்கும், இருபது வருஷமாக வலித்த கால் இன்னும் நாலு மாதம் வலித்தால் ஒன்றும் கெட்டுவிடாது, இதையும் அவளிடம் சொல்லாதே. வருவதாக இருந்தால் முன்கூட்டியே இங்கே நேரம் வாங்கிக்கொண்டு வா. கம்பெனி கடிதத்தைக் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே. போனை எடுக்க ஒருவருக்கு இரண்டு பேராக, உன் மேல் பொறாமை இல்லாத ஆளாகப் பார்த்துச் சொல்லி வைத்துவிட்டு வா. பையை வைக்க இடம் தேடவேண்டாம், முதல் நம்பர் பொத்தான் உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல், பெரிய நாற்காலியில் உட்கார்ந்து நீ நன்றாக இருக்க வேண்டும். அம்மாவும் உன் தலையில் கை வைத்ததாக எழுதச் சொன்னாள். அந்த ஆள் கைப்பட உன் பெயரை எழுதிக்கொடுத்த தாளை இதனோடு வைத்திருக்கிறேன், மேசை இழுப்பறையில் பத்திரமாக வை, யாருக்கும் காட்டவேண்டாம், இருக்கட்டும். ஞாபகம் வைத்துக்கொள், லீவு முடிந்து திரும்பி வந்ததும் அவர் உன் முன்னால் நின்று, என் சீட்டைக் குடும்மா என்பார். நீ எழுந்திருக்க அவசரப்படாதே. நிதானமாக நிமிர்ந்து பார்த்து, எழுத்துல குடுங்கண்ணே, பாக்கலாம் என்று சொல்லு.

இப்படிக்கு,
பதினேழாம் பொந்தை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்திருக்கும்
உன் அப்பா